பதினேழு நிமிட வெளிச்சம்: பாய்ன் ஆற்றங்கரைப் புதைமேடுகள் சொல்வது என்ன?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் இடம்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



1967-ஆம் ஆண்டு டிசம்பர் 21. அயர்லாந்து நாட்டின் மீத் மாவட்டம். பாய்ன் ஆற்றின் கரையிலுள்ள ஒரு மேட்டில், பொழுது விடிவதற்கு முன்பே ஒருவர் தன்னந்தனியாகக் கல்லால் ஆன ஓர் இடைவழிக்குள் நுழைகிறார். குனிந்தும் ஒருக்களித்தும் 19 மீட்டர் நடந்தால் உள்ளே ஓர் அறை. அங்கே விளக்கில்லை. வெளியே கடுங்குளிர். அவர் காத்திருக்கிறார்.

அவர் பெயர் மைக்கேல் ஓ'கெல்லி. கார்க் நகரப் பல்கலைக்கழகக் கல்லூரியின் தொல்லியல் பேராசிரியர். நியூகிரேஞ்ச் எனப்படும் அந்தப் புதைமேட்டை 1962 முதல் தோண்டி ஆராய்ந்து வந்தவர். ஊர்க்காரர்களும் வந்து போனவர்களும் அவரிடம் ஒரு செய்தியைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். ஆண்டின் ஏதோ ஒரு நாளில் கதிரவனின் ஒளி அந்த அறையின் உட்சுவர் வரை எட்டும் என்பதுதான் அந்தச் செய்தி. எந்த நாள் என்று எவருக்கும் தெரியவில்லை. பார்த்ததாகச் சொன்னவரும் இல்லை. இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டத்தைப் பற்றிய பேச்சு இங்கே வந்து ஒட்டிக்கொண்டிருக்கலாம் என்று அவர் முதலில் எண்ணினார். ஆனால், நுழைவாயில் தென்கிழக்கு நோக்கி இருக்கிறது. ஆண்டின் மிகக் குறுகிய பகலன்று அயர்லாந்தில் கதிரவன் எழும் திசையும் அதுவே. சோதித்துப் பார்த்துவிடுவோமே என்றுதான் அன்று வந்தார்.

கதிரவன் எழுந்தது. சில நிமிடங்களில் வாயிலுக்கு மேலிருந்த ஒரு கல் துளை வழியாக மெல்லிய ஒளிக்கீற்று ஒன்று உள்ளே வந்து, தரையோடு நகர்ந்து, அறையைத் தொட்டது. பிறகு அகலமானது. சுவர்களும் தலைக்கு மேலுள்ள கூரைக் கற்களும் தெளிவாகத் தெரிந்தன. 17 நிமிடங்கள் கழித்து மீண்டும் இருள். பல நூற்றாண்டுகளில் அந்தக் காட்சியைக் கண்டு எழுதி வைத்த முதல் மனிதர் அவர்தான்.

நம்முடைய பஞ்சாங்கம் உத்தராயணத்தைத் தை முதல் நாளில் வைக்கிறது. வானில் கதிரவன் வடக்கே திரும்பத் தொடங்குவது டிசம்பர் 21, 22 வாக்கில்தான். நிலநடுக்கோட்டை ஒட்டி வாழும் நமக்கு அந்த நாள் மற்றொரு நாளே. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பகல் எப்போதும் ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம். அயர்லாந்தில் அன்று பகல் ஏழரை மணி நேரம்தான். விதைத்துப் பிழைத்த மக்களுக்கு, வெளிச்சம் திரும்பி வருமா என்பது வயிற்றோடு ஒட்டிய கேள்வி. இதை மனத்தில் கொண்டால்தான் மற்றவை விளங்கும்.

உலோகமும் சக்கரமும் இல்லாதவர்கள்

டப்ளினுக்கு வடக்கே, டுரோகெடா நகருக்கு மேற்கே சில கிலோமீட்டர் தொலைவில் பாய்ன் ஆறு ஒரு பெரிய வளைவு எடுக்கிறது. அந்த வளைவுக்குள் மூன்று பெரும் புதைமேடுகள்: நியூகிரேஞ்ச், நௌத், டௌத். அவற்றைச் சுற்றிச் சிறியவையாக ஏறத்தாழ நாற்பது கல்லறைகள். மூன்றும் கி.மு. 3200-ஐ ஒட்டிய காலத்தவை. எகிப்தின் பெரிய பிரமிடு எழுந்தது அதற்கு அறுநூறு ஆண்டுகளுக்குப் பின்னர்தான். யுனெஸ்கோ 1993-இல் இப்பகுதியை உலக மரபுடைமையாக அறிவித்தது.

நியூகிரேஞ்ச் மேட்டின் குறுக்களவு ஏறத்தாழ 85 மீட்டர். உயரம் 12 மீட்டர், அதாவது நான்கு மாடி. உள்ளிருக்கும் கல்லும் மண்ணும் இரண்டு லட்சம் டன் என்று கணக்கிடுகிறார்கள். அடிவாரத்தைச் சுற்றி 97 பெருங்கற்கள் வேலிபோல் கிடத்தப்பட்டிருக்கின்றன. வெள்ளை வெளேரென்ற படிகக் கற்கள் தெற்கே விக்லோ மலையிலிருந்து வந்தவை. அது எழுபது கிலோமீட்டர் தொலைவு. உருண்டைக் கருங்கற்களோ வடக்கே மோர்ன் மலைப் பக்கத்திலிருந்து வந்தவை. இதைச் செய்தவர்களிடம் உலோகம் இல்லை; சக்கரம் இல்லை; குதிரை இல்லை. அயர்லாந்தில் வேளாண்மை வேரூன்றி அப்போது ஐந்நூறு, அறுநூறு ஆண்டுகளே ஆகியிருந்தன.

அறையின் கூரையைப் பார்த்தால் அவர்களின் கைத்திறம் புரியும். சாந்து கிடையாது. ஒரு கல்லின் மேல் அடுத்த கல்லைச் சற்றே உள்நோக்கி நீட்டி, வட்டம் வட்டமாக அடுக்கிக்கொண்டே போய், ஆறு மீட்டர் உயரத்தில் ஒற்றைக் கல்லால் மூடியிருக்கிறார்கள். இடைவழியின் கூரைக் கற்களில் மழைநீர் வழிந்தோடச் சிறு கால்வாய்களைக் கொத்தியிருக்கிறார்கள். கல் இடுக்குகளில் கடல் மணலையும் எரித்த மண்ணையும் கலந்து அடைத்திருக்கிறார்கள். ஐயாயிரம் ஆண்டுகளாக உள்ளே மழை இறங்கவில்லை. நாம் கட்டும் வீடுகள் ஐந்தாவது ஆண்டிலேயே ஒழுகுவதை நினைத்தால் சற்று வெட்கமாகத்தான் இருக்கும்.

அந்த எரித்த மண்ணில் கரித்துண்டுகள் இருந்தன. அவற்றைக் கதிரியக்கக் கரிம முறையில் சோதித்தபோதுதான் கட்டடத்தின் வயது தெரிந்தது. அதுவரை அறிஞர்களில் பலர், இது வெண்கலக் காலத்தது, மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து கற்றுக்கொண்டு வந்து கட்டியது என்றே எழுதி வந்தார்கள். நாகரிகம் என்றால் தெற்கிலிருந்துதான் வடக்கே போயிருக்க வேண்டும் என்ற எண்ணம் அவ்வளவு ஆழமாகப் பதிந்திருந்தது. ஒரு பிடி கரி அந்த எண்ணத்தைக் கவிழ்த்துவிட்டது.

ஒளி வரும் துளையைப் பற்றியும் ஒரு சொல். வாயில் வழியாக வரும் வெளிச்சம் அறை வரை எட்டாது. ஏனென்றால் இடைவழியின் தரை போகப் போக ஏறத்தாழ இரண்டு மீட்டர் உயர்கிறது. ஆகவே வாயிலுக்கு மேல் தனியாக ஒரு பெட்டி போன்ற திறப்பை வைத்து, அதன் மட்டமும் அறைத் தரையின் மட்டமும் ஒன்றாக இருக்கும்படி அமைத்திருக்கிறார்கள். அந்தத் திறப்பை மூடப் படிகக் கற்கள் இருந்தன. அவற்றைப் பலமுறை இழுத்துத் தள்ளியதால் ஏற்பட்ட கீறல்கள் அடிக்கல்லில் இன்னும் தெரிகின்றன. இது தற்செயலாக இருக்கலாமே என்று கேட்டவர்கள் உண்டு. 1974-இல் ஜான் பாட்ரிக் என்ற ஆய்வாளர் அளந்து பார்த்து, ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன்பும் ஒளி இதே வழியில் விழுந்திருக்கும் என்று காட்டினார். பூமியின் அச்சுச் சாய்வு சற்று மாறியிருப்பதால் இன்று கதிரவன் எழுந்து நான்கு நிமிடம் கழித்தே ஒளி உள்ளே வருகிறது. அன்று எழுந்த கணமே வந்திருக்கும்.

சாலைக்குக் கல் எடுக்கப் போனவர்கள்

இந்த மேட்டைக் கண்டுபிடித்தவர்கள் அறிஞர்கள் அல்லர். 1699-இல் சார்ல்ஸ் கேம்பல் என்ற நிலக்கிழாரின் ஆட்கள் சாலை போடக் கல் எடுத்துக்கொண்டிருந்தபோது சுருள் சுருளாகச் செதுக்கிய பெரிய கல் ஒன்று தெரிந்தது. அதற்குப் பின்னால் வாயில். ஆக்ஸ்போர்டு அஷ்மோலியன் அருங்காட்சியகக் காப்பாளராக இருந்த எட்வர்ட் லுயிட் அவ்வழியே வந்தவர் இதை எழுதி வைத்ததால் செய்தி பரவியது. அவர் வந்திராவிட்டால் மேட்டின் பாதி சாலைக்குப் போயிருக்கக்கூடும்.

இது எங்கோ நடந்த கதை என்று எண்ண வேண்டாம். பினாங்கு மாநிலத்தின் செபராங் பிறையில் குவார் கெப்பா என்ற இடத்தில் வரலாற்றுக்கு முந்தைய மக்கள் தங்கள் இறந்தவர்களைச் சிப்பிக் குவியல்களில் புதைத்தார்கள். 1860-களிலேயே அவை பற்றி எழுதப்பட்டுவிட்டது. ஆனாலும் சுண்ணாம்புக்காகச் சிப்பியை அள்ளி அள்ளி மேடுகள் கரைந்துபோயின. 1930-களில் தோண்டியெடுத்த எலும்புகள் நெதர்லாந்தின் லைடன் நகருக்குப் போய்ச் சேர்ந்தன. எஞ்சிய மண்ணிலிருந்து 2017-இல் ஒரு பெண்ணின் எலும்புக்கூடு கிடைத்தபோதுதான், எவ்வளவு போய்விட்டது என்பது பலருக்கு உறைத்தது.

ஒரே கல், இரண்டு விளக்கங்கள்

இன்று நியூகிரேஞ்சுக்குப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது வாயிலின் இருபுறமும் செங்குத்தாக எழும் பளீரென்ற வெள்ளைச் சுவரை. படங்களிலும் அஞ்சலட்டைகளிலும் அதுவே. ஆனால் அந்தச் சுவர் அப்படியே நின்றிருந்த சுவர் அன்று. ஓ'கெல்லி தோண்டியபோது படிகக் கற்கள் மேட்டின் அடிவாரத்தில் சரிந்து பரவிக் கிடந்தன. அவை எப்படி விழுந்தன என்பதை அடுக்கடுக்காக ஆராய்ந்து, முன்பு சுவராக நின்று பிறகு சரிந்தவை என்று அவர் முடிவு செய்தார். அதன்படி சுவர் மீண்டும் எழுப்பப்பட்டது. சரியாமல் இருக்கப் பின்னால் கான்கிரீட் வைத்துக் கட்டினார்கள்.

அங்கிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்தால் நௌத் மேடு. அங்கே ஜார்ஜ் ஓகன் என்ற பேராசிரியர் அதே 1962-இல் தோண்டத் தொடங்கி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அதைவிட்டு அகலவில்லை. மேற்குப் பக்க இடைவழியை 1967-இலும், கிழக்குப் பக்க இடைவழியை 1968-இலும் கண்டார். ஒரே மேட்டுக்குள் முதுகோடு முதுகு வைத்தாற்போல் இரண்டு கல்லறைகள்! மேற்கு ஐரோப்பாவின் பெருங்கற்காலச் செதுக்கல்களில் கால்பங்குக்கு மேல் இந்த ஒரே இடத்தில் இருப்பதாகச் சொல்கிறார்கள். 2021-இல் ஓகன் மறைந்தார்.

அவரும் வாயிலருகே அதே விக்லோ படிகக் கற்களைத்தான் கண்டார். ஆனால் அவர் சுவர் எழுப்பவில்லை. வாயிலுக்கு முன்னால் முற்றம்போல் தரையில் பரப்பிய கற்கள் அவை என்பது அவர் கருத்து. அப்படியே பரப்பி வைத்தார்கள். ஆக ஒரே நாளில் இரண்டு மேடுகளையும் பார்க்கிறவர், ஒரே காலத்து மக்கள் ஒரே கல்லை ஓரிடத்தில் சுவராகவும் இன்னோரிடத்தில் தரையாகவும் பயன்படுத்தினார்கள் என்று நினைத்துக்கொண்டு திரும்புவார். உண்மையில் அவர் பார்த்தது இரண்டு பேராசிரியர்களை.

நியூகிரேஞ்சின் வெள்ளைச் சுவரைக் கடுமையாகச் சாடியவர்கள் பலர். சாந்தில்லாத கற்சுவர் அவ்வளவு செங்குத்தாக நிற்காது, கான்கிரீட் தேவைப்பட்டதே அதற்குச் சான்று என்பது அவர்கள் வாதம். அதில் வலு இருக்கிறது. அதே நேரத்தில் ஓ'கெல்லியை எளிதில் ஒதுக்கிவிடவும் முடியாது. கூரைத் திறப்பைக் கண்டறிந்ததும், காலத்தை நிறுவியதும், ஒவ்வொரு கல்லையும் குறித்து வைத்ததும் அவரும் அவர் மனைவி கிளேர் ஓ'கெல்லியும்தான். குறை சொல்கிறவர்களும் அவர் எழுதி வைத்த குறிப்புகளைக் கொண்டுதான் குறை சொல்கிறார்கள். தவறு என்று வைத்துக்கொண்டாலும், அதைக் கண்டுபிடிக்கும் வழியைத் திறந்து வைத்துவிட்டுப் போனவர்.

வறட்சி எழுதிய வட்டம்

தொல்லியலாளர்கள் இன்று புதைமேட்டைத் தனியாகப் பார்ப்பதில்லை. மேடு, ஆறு, அதைச் சுற்றிய வயல்வெளி எல்லாம் சேர்ந்து ஒரே சடங்கு நிலம் என்கிறார்கள். நம் ஊர்க் கோயில் என்றால் கருவறை மட்டுமா? குளம், தேரோடும் வீதி, தீர்த்தமாடும் ஆற்றுத்துறை, எல்லைத் தெய்வம் நிற்கும் மரத்தடி எல்லாம் சேர்ந்ததுதானே. அதைப் போன்ற எண்ணம் என்று கொள்ளலாம்.

இந்த எண்ணத்துக்குப் பெருஞ்சான்று 2018-இல் கிடைத்தது. அந்தக் கோடையில் அயர்லாந்தில் கடும் வறட்சி. ஜூலை மாதம் அந்தனி மர்பி, கென் வில்லியம்ஸ் என்ற இருவர் பாய்ன் பள்ளத்தாக்கின் மேல் டிரோன்களைப் பறக்கவிட்டார்கள். நியூகிரேஞ்சிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில், காய்ந்து பழுத்த வயலின் நடுவே, கோலப் புள்ளி வைத்ததுபோல் வரிசை வரிசையாகப் பச்சைக் குறிகள். எல்லாம் சேர்ந்து ஒரு மாபெரும் வட்டம்!

மாயம் ஒன்றுமில்லை. முற்காலத்தில் பெரிய மரத்தூண்களை நடவும் அகழி வெட்டவும் தோண்டிய குழிகள் காலப்போக்கில் மக்கிய மண்ணால் நிரம்பிவிட்டன. அந்த மண் சுற்றியுள்ள மண்ணைவிட ஈரத்தைக் கூடுதலாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். மழை பெய்யும் ஆண்டுகளில் வேறுபாடு தெரியாது. வறட்சி வந்தால் மற்றப் பயிர் வாட, அந்தக் குழிகளின் மேல் நிற்கும் பயிர் மட்டும் பச்சையாக நிற்கும். மழை வந்ததும் வட்டம் மறைந்துவிட்டது. அரசின் தொல்சின்னத் துறை உடனே வானிலிருந்து படமெடுத்து ஆவணப்படுத்தியது. மண்வெட்டி படாத அந்த வட்டம் இன்னும் வயலின் அடியிலேயே இருக்கிறது.

அதே ஜூலையில் டௌத் மாளிகை என்ற பதினெட்டாம் நூற்றாண்டு வீட்டின் அடியிலிருந்து மற்றொரு புதைமேடும் வெளிப்பட்டது. மாளிகை கட்டியவர்களுக்குத் தாங்கள் எதன் மேல் கட்டுகிறோம் என்பது தெரிந்திருந்ததா, தெரிந்தும் கட்டினார்களா என்பது வேறு கேள்வி.

ஒரு காது எலும்பும் ஓர் அரசனும்

இனிதான் பெரிய சர்ச்சை. நியூகிரேஞ்ச் அறைக்குள் ஓ'கெல்லி கண்டெடுத்த மனித எச்சங்கள் மிகக் குறைவு. எரிந்ததும் எரியாததுமாகச் சிறுசிறு துண்டுகள். ஏறத்தாழ ஐந்து பேருடையவை. இரண்டு லட்சம் டன் மேட்டுக்குள் ஐந்து பேரின் துணுக்குகள்! 1699 முதல் எத்தனையோ பேர் உள்ளே நுழைந்து கிளறியிருக்கிறார்கள் என்பதையும் மறக்கக்கூடாது.

மண்டையோட்டில் காதைச் சூழ்ந்த பகுதி மிகக் கெட்டியானது. பழங்கால மரபணுவை அதுவே நன்றாகக் காத்து வைத்திருக்கும் என்பது அண்மைக் காலத்தில் தெரியவந்தது. டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் லாரா கேசிடி, டான் பிராட்லி குழுவினர் நியூகிரேஞ்சில் கிடைத்த அத்தகைய துண்டு ஒன்றைச் சோதித்தனர். 2020 ஜூனில் 'நேச்சர்' ஆய்விதழில் முடிவு வெளிவந்தது. அந்த ஆணின் பெற்றோர் உடன்பிறந்தவர்கள், அல்லது பெற்றவரும் பிள்ளையும் என்று அது சொன்னது.

இதை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? ஒவ்வொருவருக்கும் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என மரபணுத் தொகுதி இரண்டு படிகளாக வருகிறது. பெற்றோர் உறவில்லாதவர்களானால் இரண்டு படிகளும் பல இடங்களில் வேறுபடும். பெற்றோர் மிக நெருங்கிய இரத்த உறவானால் நீண்ட நீண்ட பகுதிகள் எழுத்துக்கெழுத்து ஒன்றாக இருக்கும். இந்த ஆணிடம் கால்பங்கு அப்படி இருந்தது. இதில் ஐயமில்லை, அறிவியல் தெளிவாகவே இருக்கிறது.

ஐயம் எழுவது அடுத்த படியில். எகிப்தின் அரச குடும்பங்களிலும், இன்கா அரசிலும், ஹவாயிலும் உடன்பிறந்தார் மணம் அரசனுக்கு மட்டும் உரிய தெய்வ உரிமையாக இருந்தது. ஆகவே இவரும் அத்தகைய தெய்வ அரச குலத்தவராக இருக்கலாம், இந்த மேடு அவர்கள் ஆட்சியின் சின்னமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருத்துரைத்தனர். 'இருக்கலாம்' என்ற சொல் ஆய்விதழில் இருந்தது. உலகச் செய்தித்தாள்களில் அது உதிர்ந்துவிட்டது. 'ஐயாயிரம் ஆண்டுக்கு முந்தைய அரசன்' என்றே தலைப்புகள் வந்தன.

இதற்கு வலு சேர்க்க ஒரு பழங்கதையும் கிடைத்தது. இடைக்கால ஐரிஷ் ஏடுகளில் டௌத் மேட்டைப் பற்றி வரும் கதை அது. பிரேசல் என்ற மன்னன் வானளாவும் கோபுரம் கட்ட ஆட்களைத் திரட்டினானாம். ஒரே நாளில் வேலை முடிய வேண்டும் என்பது நிபந்தனை. அவன் தங்கை மந்திரத்தால் கதிரவனை நிறுத்தி வைத்தாள். மன்னன் அவளோடு தகாத உறவு கொள்ள, மந்திரம் முறிந்து, பொழுது சட்டென்று இருண்டது. வேலையாட்கள் போட்டது போட்டபடி போய்விட்டார்கள். இருள் என்ற பொருளில்தான் அந்த மேட்டுக்குப் பெயர் வந்ததாம். கதிரவன், மேடு, தகாத உறவு மூன்றும் ஒரே கதையில்! படித்தவர்களுக்கு மயிர்க்கூச்செறிந்ததில் வியப்பில்லை.

ஆனால் கதை டௌத் மேட்டைப் பற்றியது. எலும்பு நியூகிரேஞ்சில் கிடைத்தது. ஏட்டுக்கும் எலும்புக்கும் நடுவே நாலாயிரம் ஆண்டு இடைவெளி. அதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. கி.மு. 2500-க்குப் பிறகு ஐரோப்பியப் பெருநிலத்திலிருந்து புதிய மக்கள் வந்தார்கள் என்றும், அயர்லாந்தின் மக்கள்தொகையில் பெரும்பங்கு மாறிவிட்டது என்றும் இதே டிரினிட்டி குழுவின் முந்தைய ஆய்வு காட்டியிருந்தது. மேட்டைக் கட்டியவர்களின் நினைவு, அவர்கள் வழிவந்தோர் அல்லாதாரின் வாய்மொழியில் அத்தனை நூற்றாண்டு தங்குமா? கதிரொளி பற்றிய ஊர்ப்பேச்சு மெய்யானதே என்று கேட்கலாம். ஒளி ஆண்டுதோறும் விழுகிறது. திறப்பு மூடியிராத எந்தக் காலத்திலும் எவரேனும் அதைக் கண்டு சொல்லியிருக்கலாம். ஒருவரின் பிறப்பு இரகசியம் அப்படி ஆண்டுதோறும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

2025-இல் ஜெசிகா ஸ்மித், நீல் கார்லின் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 'ஆன்டிக்குவிட்டி' இதழில் இந்த 'அரசன்' கருத்தை நேருக்கு நேர் மறுத்து எழுதினர். அவர்கள் முன்வைத்தவை எளிய கேள்விகள்தாம். பலமுறை கிளறப்பட்ட அறையில் கிடைத்த ஒரே ஒரு எலும்புத் துண்டு அது. அந்த ஆள் அங்கே முழு உடலாகப் புதைக்கப்பட்டாரா, துண்டாகக் கொண்டுவரப்பட்டாரா என்பது தெரியாது. இத்தகைய கல்லறைகளில் பலரின் எச்சங்களை எரித்தும் பிரித்தும் கலந்தும் வைப்பதே வழக்கம். அரசன் இருந்தால் அரண்மனையும் செல்வக் குவிப்பும் ஊர்களுக்கிடையே ஏற்றத்தாழ்வும் தெரிய வேண்டும். அக்காலக் குடியிருப்புகளில் அப்படி எதுவும் தெரியவில்லை. அயர்லாந்தின் மேற்கிலுள்ள இத்தகைய கல்லறைகளில் கிடைத்தவர்களும் இவருக்கு உறவினர் என்பது உண்மையே. ஆனால் அது பல தலைமுறை கடந்த தூரத்து உறவு. அரச குலம் என்று சொல்லப் போதாது.

இந்த மறுப்பில் நியாயம் கூடுதலாக இருக்கிறது. பெற்றோர் யார் என்பதை மரபணு சொல்லும். அந்தப் பிள்ளையை ஊர் தோளில் தூக்கி வைத்ததா, ஒதுக்கி வைத்ததா என்பதை அது சொல்லாது. பெரிய கட்டடத்தைக் கண்டால் உடனே அரசனைத் தேடும் பழக்கம் ஆய்வாளர்களுக்கு மட்டுமல்ல, எல்லாருக்கும் இருக்கிறது. இரண்டு லட்சம் டன்னைச் சுமந்தவர்கள் கட்டளைக்கு அஞ்சித்தான் சுமந்தார்கள் என்பதற்குச் சான்று ஏதும் இல்லை.

இருப்பவர்களும் இறந்தவர்களும்

மரபுடைமைப் பகுதி ஏறத்தாழ 770 எக்டர். அதன் பெரும்பகுதி தனியார் விளைநிலம். அங்கே தலைமுறை தலைமுறையாக உழுகிறவர்கள் இருக்கிறார்கள். மகனுக்கோ மகளுக்கோ தங்கள் நிலத்தில் ஒரு வீடு கட்ட வேண்டுமென்றால் அனுமதி கிடைப்பது அரிது. கல்லறைகளைக் காக்க வேண்டும்தான். அதற்காக ஊரில் பிள்ளைகள் இல்லாமல் போவதா என்று அவர்கள் கேட்பதை வெறும் முணுமுணுப்பு என்று தள்ள முடியாது.

அதைவிடக் கடினமான வழக்கு ஸ்லேன் கிராமத்துடையது. நௌத் மேட்டுக்கு மேற்கே சில கிலோமீட்டரில் உள்ள ஊர். நெடுஞ்சாலை ஒன்று செங்குத்தாக இறங்கி, குறுகிய பழைய பாலத்தில் சட்டென்று திரும்புகிறது. கனரக லாரிகள் பிரேக் பிடிக்காமல் மோதி, பல ஆண்டுகளில் அங்கே இருபதுக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. ஊரைச் சுற்றிப் போகும் மாற்றுச் சாலைக்குத் திட்டம் போட்டார்கள். அது பாய்ன் வளைவின் பக்கமாக, மேடுகளிலிருந்து கண்ணுக்குத் தெரியும் தொலைவில் வரவேண்டியிருந்தது. 2012-இல் திட்ட அனுமதி வாரியம் அதை மறுத்துவிட்டது. மறுப்புக்குச் சொன்ன காரணங்களில் உலக மரபுடைமைக்கு நேரும் பாதிப்பும் ஒன்று. பிள்ளையைப் பாலத்தில் இழந்த குடும்பத்திடம் போய் ஐயாயிரம் ஆண்டுக் காட்சியமைப்பைப் பற்றிப் பேச எவருக்குத் துணிவு வரும்? அதே நேரத்தில், ஒருமுறை கான்கிரீட் தூண் எழுந்துவிட்டால் அந்த வெளியை எவராலும் மீட்டுத் தர முடியாது என்பதும் மெய். திட்டத்தைத் திருத்தி மீண்டும் கொண்டுவரும் முயற்சி பின்னர் தொடர்ந்தது. லாரிகளை அவ்வழியே விடாமல் வேறு நெடுஞ்சாலைக்குத் திருப்பலாமே என்று கேட்டவர்களின் குரலுக்குத் தொடக்கத்திலேயே இடம் கொடுத்திருந்தால் இவ்வளவு கசப்பு வளர்ந்திராது.

2023-இல் அயர்லாந்து அரசு டௌத் மாளிகையையும் அதைச் சேர்ந்த நிலத்தையும் வாங்கி, தேசியப் பூங்காவாக்கப் போவதாக அறிவித்தது. மூன்று மேடுகளில் டௌத் மட்டும் இன்னும் பெரிதாக ஆராயப்படவில்லை. 1847-இல் தோண்டியவர்கள் நடுவில் பறித்த பெரும்பள்ளம் அப்படியே கிடக்கிறது. புல் முளைத்து, தூரத்திலிருந்து பார்த்தால் எரிமலை வாய்போல் தெரியும்.

நியூகிரேஞ்சில் டிசம்பர் 21 காலை உள்ளே நிற்க ஆண்டுதோறும் பல்லாயிரம் பேர் விண்ணப்பிக்கிறார்கள். குலுக்கலில் சில பத்துப் பேருக்கே இடம் கிடைக்கும். மேகம் மூடினால் அவர்களுக்கும் ஒன்றும் தெரியாது. அது அடிக்கடி நடப்பதுதான். அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர் அளவில் உள்ள டௌத்தின் தெற்கு அறை தென்மேற்கு நோக்கியது. அதே நாள் மாலையில், கதிரவன் மறையும் முன்பு, அதன் ஒளி அந்த அறைக்குள் போகிறது. அதற்குக் குலுக்கல் இல்லை. வானம் தெளிந்திருந்தால், ஆளில்லாத அந்த அறையின் பின்கல் சற்று நேரம் சிவந்திருக்கும்.